கொதித்த தண்ணீரில் உயிர் இல்லை

எது உயிருள்ளது, எது உயிரற்றது என்ற கேள்வியோடு உலகத்தில் இன்னும் பலர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் அதை முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே தீர்த்துவைத்துவிடுவார்கள். பொது உயிரியல், அலகு ஒன்று, உயிரின் ஏழு பண்புகள். உயிருள்ளது உண்ணும், மூச்சுவிடும், கழிவை வெளியேற்றும், வளரும், அசையும், சீண்டினால் உணரும், தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும். ஏழில் ஒன்று குறைந்தாலும் அது உயிர் இல்லை. அப்படியானால் குட்டியே போடாத கோவேறு கழுதைக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று நான் எழுந்து கேட்டேன். கழுதையின் சார்பில் அன்றைக்கு முழுக்க வராந்தாவில் நின்றேன்.

இந்தப் பாடத்தைத் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு துறைகள் சேர்ந்து நடத்தின. நாங்கள் வருவதற்கு முன்பே இரண்டையும் ஒன்றாக்கி 'உயிரியல் புலம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகை ஏறிய கையோடு இரண்டு துறைகளும் உட்கார்ந்து பாகப்பிரிவினை செய்துகொண்டன. நுண்ணோக்கிகளின் உடம்பு தாவரவியலுக்கு, லென்சுகள் விலங்கியலுக்கு. இரண்டு அலமாரி, இரண்டு பூட்டு. யாராவது ஒருவர் விடுப்பில் போய்விட்டால் நாங்கள் லென்ஸ் இல்லாத குழாயில் கண்ணை வைத்து வெறும் வெளிச்சத்தைப் பார்ப்போம், பிறகு புத்தகத்தில் உள்ள படத்தை வரைந்து கொடுப்போம். அந்த நாட்களில்தான் எங்களுக்கு மதிப்பெண் அதிகம் வந்தது.

விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர். நான் ஷிம்னா. வாய் கொஞ்சம் நீளம் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஜிஸ்மி இடுக்கி மலையிலிருந்து வந்தவள், ஏலத்தோட்டக்காரர்களின் வீட்டுப் பெண். ஆசிரியர்கள் என்ன சொன்னாலும் "சரி சார்" என்பாள், வகுப்பில் பல்லி கத்தினாலும் குறிப்பெடுப்பாள். மூன்றாவது ரம்ஸீனா. மலப்புரத்துக்காரி. அவள் சிரித்தால் கீழ்த்தளத்து மேட்ரன் அண்ணாந்து பார்ப்பார். அவளுக்கு ஒரு பருவத் தேர்வு தவறினாலும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் முடிப்பது என்று வீட்டில் மாமன்மார் பேசி வைத்திருந்தார்கள். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது. அதனால் காய்ச்சலோ மழையோ, ரம்ஸீனா வகுப்புக்கு வந்துவிடுவாள்.

தொல்லை தொடங்கியது ஒரு செய்முறை வகுப்பில். இரண்டு சொட்டுத் தண்ணீரைப் பார்த்து வரைய வேண்டும். ஒன்று குளத்துத் தண்ணீர், அதில் உயிர்கள் இருக்கும். மற்றது கொதித்த தண்ணீர், அதில் ஒன்றும் இருக்காது. குளத்துத் தண்ணீர் வந்துவிட்டது. கொதிக்க வைப்பது எந்தத் துறையின் வேலை என்பது தீராததால் கொதித்த தண்ணீர் வரவில்லை.

"ஹாஸ்டல் தண்ணி கொதிச்சதுதானே? யாராவது பாட்டிலைக் கொடுங்க," என்றார் விலங்கியல் சுகதன் சார். ரம்ஸீனா தன் பாட்டிலைக் கொடுத்தாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் வெறும் தண்ணீரை மனுஷருக்குக் கொடுப்பதில்லை. பதிமுகம் என்கிற மரக்கட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்து, இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாகத்தான் கொடுப்போம். சிவப்பாக இருந்தால் கொதித்தது. கைக்குழந்தைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அதே கணக்குதான். விடுதியிலும் பெரிய எவர்சில்வர் டிரம்மில் அந்தத் தண்ணீர்தான் இருந்தது.

கொதித்த தண்ணீருக்குப் படம் வரைவது எளிது. வளையலைக் காகிதத்தில் வைத்து ஒரு வட்டம் போட்டால் முடிந்தது. எல்லோரும் போட்டுவிட்டோம். ஜிஸ்மி மட்டும் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னடீ, தூங்கிட்டியா?" என்றேன்.

"ஷிம்னா, இதுல ஏதோ நீந்துது."

பார்த்தேன். நீந்திக்கொண்டுதான் இருந்தது. செருப்பு மாதிரி ஒரு உருவம், சுழன்று சுழன்று போய், கண்ணாடியின் ஓரத்தில் முட்டி, பின்வாங்கி, வேறு பக்கம் போனது. ஒன்று இல்லை, பல. ஜிஸ்மி பார்த்ததைப் பார்த்தபடி வட்டத்துக்குள் வரைந்து, கொண்டுபோய் நீட்டினாள்.

சுகதன் சார் சிவப்பு மையை எடுத்தார். "இது எந்தத் தண்ணி?"

"கொதிச்ச தண்ணி சார்."

"கொதிச்ச தண்ணியில உயிர் இருக்குமா?"

"இருக்காது சார்."

"அப்புறம் எப்படி வரைஞ்ச?"

"தெரிஞ்சுது சார்."

"தெரியறதை வரையறதுக்கு இதென்ன ஓவியக் கல்லூரியா? இருக்க வேண்டியதை வரை."

இருந்தாலும் எழுந்து வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சரியாக இல்லை. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பச்சையா இருக்கிற மாதிரி தோணுது. பச்சைன்னா அது தாவரம். வல்சலா டீச்சர்கிட்ட கொண்டுபோ," என்றார்.

தாவரவியல் வல்சலா டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். "ஓடுதே மோளே. ஓடுறது, பறக்குறது, கடிக்கிறது எதுவும் எங்க வேலை இல்ல. அப்புறம் பச்சை எங்க இருக்கு? பதிமுகத்துல எல்லாமே பழுப்பாத் தெரியுது. பழுப்புக்கு என் துறை பொறுப்பேத்துக்காது. சுகதன்கிட்டயே கொண்டுபோ."

அன்று மாலைவரை ஜிஸ்மி ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் ஏந்திக்கொண்டு ஒரே வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அவளுக்கு உண்மையெல்லாம் தேவைப்படவில்லை. படத்துக்குக் கையெழுத்து தேவைப்பட்டது. கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டார்கள். "வட்டத்தை அழிச்சிட்டுக் காலியா காமிடீ," என்று நான் சொன்னேன். அவள் கண்கலங்கி, "பாத்துட்டேனே," என்றாள்.

எனக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. கொதித்த தண்ணீரில் உயிர் இருக்காது, அது சரி. உயிர் இருக்கிறது, அதையும் பார்த்தாகிவிட்டது. அப்படியானால் தண்ணீர் கொதிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் தேவையில்லை. நேரே விடுதிச் சமையலறைக்குப் போய்க் கேட்டேன். சமையல்காரச் சேச்சி தேங்காய் துருவிக்கொண்டே, ஒளிக்காமல் மறைக்காமல் சொன்னார்.

"கொதிக்க வைக்கிறோமே. இந்தச் சின்னப் பானையில கட்டையைப் போட்டுக் கெட்டியாக் கொதிக்க வச்சு, டிரம்முல ஊத்தி, மேல தொட்டித் தண்ணியை விட்டு நெரப்புவோம். முழுசாக் கொதிக்க வைக்க கேஸ் யாரு தரா? மேலேர்ந்து உத்தரவு வந்திருக்கு, மிச்சம் புடிக்கணும்னு. உங்க வீட்ல மட்டும் என்ன, சூடா இருந்தா பச்சைத் தண்ணி விட்டு ஆத்தித்தானே விருந்தாளிக்குக் கொடுக்கிறீங்க?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆற்றுவார்கள். உத்தரவும் உண்மைதான். எரிபொருளை மிச்சம் பிடித்ததற்காக எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் 'பசுமை வளாகம்' என்று ஒரு கேடயம் கிடைத்திருந்தது, உண்ணித்தான் என்ற எங்கள் டீன் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் நுழைவாயிலிலேயே இருந்தது. தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினேன். மூடி பாதி உடைந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன், அன்று சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில் ரம்ஸீனாவுக்கு மீன்குழம்பு வாசனை ஆகாமல் போனது. மலப்புரத்துக்காரிக்கு மீன் பிடிக்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று எடுத்த எடுப்பிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். காய்ச்சல் வந்தது, போனது. ஒரு காலையில் பல் துலக்கிவிட்டுக் கண்ணாடியில் பார்த்து, "ஏடீ, என் கண்ணு என்னடீ மாம்பழக் கலர்ல இருக்கு?" என்று சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை.

மேட்ரன் ஏலியம்மா கையில் ஜபமாலையோடு வந்து பார்த்தார். "வெளியில ஷவர்மா தின்னியா?"

"இல்ல மேட்ரன்."

"தின்னிருப்ப. ஹாஸ்டல்ல மஞ்சக்காமாலை வர வழியே இல்ல. நம்ம தண்ணி கொதிச்சது. நெறத்தைப் பாத்தா தெரியல?"

அவர் கெட்ட மனுஷி அல்ல, அதுதான் பெரிய கொடுமை. காமாலைக்காரர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருக்கிறார். மூச்சிரைக்கப் படியேறி, கூஜா கூஜாவாகச் சிவப்புத் தண்ணீரைத் தானே கொண்டுவந்து ரம்ஸீனாவின் தலைமாட்டில் வைத்தார். அதைத் தொடாதே என்று நான் சண்டை போட்டேன். "இதைக் குடிக்கலன்னா வேற எதைக் குடிக்கிறது, குழாய்த் தண்ணியையா?" என்றாள் அவள். நான் வாங்கி வந்த இளநீரை அவள் வயிறு ஏற்கவில்லை, உடனே வாந்தி எடுத்தாள்.

இதற்குள் ஜிஸ்மியின் கையெழுத்துப் பிரச்சினை டீன் அறை வரை போய்விட்டது. டீன் உண்ணித்தான் நல்ல உயரம், நல்ல குரல், எந்த வாக்கியத்தையும் ரிப்பன் வெட்டுகிற மாதிரி நிறுத்தி முடிப்பார். நான் முந்திக்கொண்டு தொட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"தொட்டி பொறியியல் பிரிவோட விஷயம்," என்றார். "சமையல் மாணவர் நலப் பிரிவு. நோய் சுகாதார மையம். என்கிட்ட வந்திருக்கிறது ஒரே ஒரு கேள்வி. அந்தச் சொட்டுல இருக்கிறது உயிரா, இல்லையா? அவசரப்பட்டு உயிர்னு சொல்லிட்டா, தண்ணி கொதிக்கலைன்னு ஆயிடும். கொதிக்கலைன்னா கேடயம் தப்புன்னு ஆயிடும். அவ்வளவு பெரிய பொறுப்பை ஒரு முதலாண்டுப் பொண்ணு தலையில வைக்க நான் விரும்பல. குழு போடறேன்."

நுண்பொருள் உயிர்த்தன்மை நிர்ணயக் குழு. டீன் தலைவர், சுகதன் சாரும் வல்சலா டீச்சரும் உறுப்பினர்கள், நடுநிலைக்காக வணிகவியல் பேராசிரியர் ஒருவர். சொட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜிஸ்மிக்கு. அது சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் அதற்கு உயிர் இருப்பதாகக் கருதிக்கொள்ளக் கூடாது என்று அவளுக்கு அறிவுறுத்தினார்கள். அவளும் "சரி சார்" என்றாள். வகுப்பு முடிந்ததும் அவளுக்குத் துணையாக நானும் கூட்டங்களுக்குப் போய்க் கதவோரம் நின்றேன்.

முதல் கூட்டத்தில், அது உண்கிறதா என்று பார்த்தார்கள். விடுதியிலிருந்து ஒரு பருக்கை சோறு வரவழைக்கப்பட்டு, அதில் ஒரு துணுக்கு கிள்ளி வைக்கப்பட்டது. அது சுற்றிவந்து முகர்ந்துவிட்டு விலகிப் போனது. உண்ண மறுக்கிறது என்று பதிவானது. விடுதிச் சோற்றை நாங்களும்தான் மறுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு உயிர் இல்லை என்று அதுவரை யாரும் முடிவு செய்யவில்லை.

மூச்சுவிடுவதைப் பார்க்க முடியவில்லை. மூக்கு எந்தப் பக்கம் என்று வணிகவியல் கேட்டார். அது மூக்கில்லாத வகை என்று சுகதன் சார் சொன்னதும், மூக்கில்லாததை எப்படி நம்புவது என்று அவர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க டீனே முன்வந்தார். கண்ணாடித் துண்டுக்கு மேலே குனிந்து, "டீன் உண்ணித்தான் பேசறேன்," என்றார். அது பாட்டுக்கு நீந்தியது. பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பாத முதல் ஜீவன் அதுதான். உணர்ச்சி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

"ஆனா அசையுதே சார்," என்றாள் ஜிஸ்மி, வாய் தவறி.

"அசைவை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. நம்ம ஆபீஸ்ல ஃபைல்கூடத்தான் அசையுது. அதுக்கு உயிரா இருக்கு?"

"அசையறதில்லையே சார்," என்றார் வணிகவியல் பேராசிரியர். அதற்கப்புறம் பழம்பொரியும் டீயும் வந்தன.

அந்தப் பழம்பொரி வேளையில் எங்கள் தளத்தில் ஆறாம் அறைப் பெண் படியில் மயங்கி விழுந்தாள். அடுத்த சில நாட்களில் மஞ்சள் அறை அறையாக நகர்ந்தது. காலையில் குளியலறை வரிசையில் ஒருத்தி கண்ணை இன்னொருத்தி பார்ப்பதும், பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. நோய் கண்டவர்களை வீட்டுக்கு அனுப்ப மாணவர் நலப் பிரிவு உத்தரவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டவர்கள் விடுதிவாசிகள் அல்லர் என்பதால், விடுதியில் நோயாளிகளே இல்லை என்று வெள்ளிக்கிழமைதோறும் அறிவிப்பு ஒட்டினார்கள். சுருட்டி வைத்த மெத்தைகள் கூடிக்கொண்டே போயின. சாப்பாட்டு அறையில் தட்டுச் சத்தம் குறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை பகலிலேயே கேட்டது, எனக்குப் பயமாக இருந்தது.

குழு முடிவு சொல்லும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஜிஸ்மி பணிவாகக் கேட்டாள். விசாரணையில் இருக்கும் பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையல்ல என்று பதில் வந்தது.

ரம்ஸீனா வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். போனால் வருகை குறையும், குறைந்தால் தேர்வு போகும், தேர்வு போனால் எல்லாமே போகும். கண்ணுக்கு மை தீட்டி, தலையை மூடும் தட்டத்துணியை நெற்றிவரை இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். அன்றைக்குப் பாடம் 'கல்லீரலின் பணிகள்'. வல்சலா டீச்சரின் முறை. கல்லீரல் விலங்கியலைச் சேர்ந்தது என்பதால் அவர் தலைப்பை மட்டும் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ரம்ஸீனா அந்தத் தலைப்பைக் கீழே கோடு போட்டுக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டம் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் பற்றியது. இந்தத் தடவை அதிர்ஷ்டம் எங்கள் பக்கம் இருந்தது. நால்வரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடுவில் இறுகி, மெல்லப் பிதுங்கி, இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நீந்திப் போயின. ஜிஸ்மி கை தட்டியே விட்டாள்.

"இப்ப ஒரு சட்டச் சிக்கல் வந்திருக்கு," என்றார் டீன். "குழு அமைக்கப்பட்டது ஒரு பொருளை விசாரிக்க. அந்தப் பொருள் இப்ப இல்ல. இருக்கிறது ரெண்டு. இந்த ரெண்டு மேலயும் யாரும் புகார் கொடுக்கல."

"புதுசா ரெண்டு குழு போடலாம்," என்றார் சுகதன் சார். "ஒண்ணு எங்க துறைக்கு, ஒண்ணு அவங்க துறைக்கு." பல வருடங்களில் முதல் தடவையாக வல்சலா டீச்சர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

நாங்கள் அறைக்குத் திரும்பியபோது ரம்ஸீனா ஆய்வக வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். "பஸ் வந்துடுச்சா உம்மா?" என்றாள் என்னிடம், தன் அம்மாவிடம் பேசுவதுபோல. நான் ஷிம்னாடீ என்றேன். "சரி உம்மா," என்றாள். ஜிஸ்மி அவளைப் பிடித்துக்கொண்டாள், நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். மேட்ரன் ஜபமாலையை உருட்டிக்கொண்டே வாசல்வரை கூட வந்து, வழியில் குடிக்க ஒரு பாட்டில் நிறையச் சிவப்புத் தண்ணீரை எங்கள் மடியில் வைத்தார். நான் அதை வளைவு தாண்டியதும் சாலையில் ஊற்றினேன்.

மருத்துவக் கல்லூரியில் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அவளுடைய உம்மா மலப்புரத்திலிருந்து வந்து சேரும்வரை நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கல்லீரல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று டாக்டர் அவரிடம் சொல்லும்போது நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஜிஸ்மி தன் பையிலிருந்து பொது உயிரியல் புத்தகத்தை எடுத்து, எதையோ தேடிப் புரட்டி, மறுபடி உள்ளே வைத்தாள்.

பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. வதந்திகளை ஒழிக்க மாணவர்கள் எல்லோரையும் பேரரங்குக்கு அழைத்தார்கள். மேடையில் பெரியவர்கள், அவர்கள் முன்னால் ஆளுக்கொரு முத்திரை பிரிக்காத கடைத் தண்ணீர் பாட்டில். எங்களுக்கு மேடையருகே எவர்சில்வர் டிரம், அதன் பக்கத்தில் மேட்ரன், கையில் கண்ணாடித் தம்ளர்கள். ஜிஸ்மியை மைக் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். தான் பார்த்தது கண்மயக்கம் என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கையெழுத்து அங்கேயே போடப்படும். சொல்லிவிடுகிறேன் என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தாள், நானும் அவளைக் குறை சொல்லவில்லை. அவளும் பாஸ் ஆக வேண்டுமே.

டீன் பேசினார். "குழு எல்லாக் கோணத்துலயும் ஆராய்ஞ்சது. ஏழு பண்புகள்ல ஐந்து நிரூபிக்கப்படல. அந்தச் சொட்டுல இருந்தது உயிர் போன்ற ஒரு தோற்றம், அவ்வளவுதான். ஆகவே தண்ணி கொதிச்சது. சிலருக்கு உடம்பு சரியில்லாமப் போயிருக்கு, வருத்தப்படறோம். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மாணவர்கள் வருஷா வருஷம் வருவாங்க, போவாங்க. பேர் ஒருதடவை போச்சுன்னா வராது. எங்களோட முதல் கடமை எது நிரந்தரமோ அதைக் காப்பாத்தறது."

அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு ரம்ஸீனாவின் உம்மா வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார், வெயிலில் முகம் கறுத்திருந்தது, கையில் ஒரு காலி பாட்டில். டீன் இங்கேதான் இருக்கிறார் என்று காவலாளி கூட்டிவந்திருந்தார். நடுப்பாதையில் நடந்து மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"சாரே, நான் ரம்ஸீனாவோட உம்மா. புள்ள இன்னும் கண்ணைத் தொறக்கல. இங்க குடிச்ச தண்ணியில ஒரு குப்பி கொண்டுவரச் சொன்னாரு டாக்டர். சோதனை பண்ணணுமாம்."

"உக்காருங்க உம்மா," என்றார் டீன், குரலைக் கனிய வைத்து. "முதல்ல இவங்களுக்குக் குடிக்கக் கொடுங்க."

மேட்ரன் பதறிப்போய் டிரம்மிலிருந்து ஒரு தம்ளர் பிடித்து, ஆறியிருக்கிறதா என்று வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்து, இரண்டு கையாலும் நீட்டினார். விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி, மனசாரக் கொடுத்தார். உம்மா தம்ளரின் நிறத்தைப் பார்த்தார், பிஸ்மி சொன்னார், நின்றபடியே கடகடவென்று குடித்தார். அவ்வளவு தாகம். நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன், அதற்குள் தம்ளர் காலியாகிவிட்டது.

"பாருங்க," என்றார் டீன் மைக்கில். "மகள் ஆஸ்பத்திரியில இருக்கா. அந்தத் தாயே நம்ம தண்ணியை நம்பிக் குடிக்கிறாங்க. இதைவிடப் பெரிய சோதனை எந்தக் குழுவும் செய்ய முடியாது."

மேடையில் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று புரியாமல் உம்மா வாயைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

"இப்ப சொல்லு மோளே," என்று டீன் மைக்கை ஜிஸ்மியின் பக்கம் திருப்பினார். "அந்தத் தண்ணியில உயிர் இருக்கா?"

ஜிஸ்மி உம்மாவின் கையிலிருந்த காலித் தம்ளரைப் பார்த்தாள். பிறகு வாய்மொழித் தேர்வில் பதில் சொல்கிற அதே சின்னக் குரலில், "இருக்கு சார்," என்றாள்.

"என்ன மோளே சொன்ன?" என்று கேட்டார் உம்மா.

"அது கொதிக்காத தண்ணி உம்மா. நிறம் மட்டும்தான் கொதிச்சது. நான் பாத்தேன், உள்ள நிறைய இருக்கு." அத்துடன் அழத் தொடங்கிவிட்டாள்.

உம்மா தம்ளரை மேசைமீது வைத்தார். யாரையும் கேட்காமல் டிரம்மிடம் போய், கொண்டுவந்த பாட்டிலைக் குழாயடியில் பிடித்தார். அது கழுத்துவரை நிரம்பியது. மூடியைத் திருகும்போதுதான் டீனுக்கு நினைவு வந்தது.

"உம்மா, இதை வெளிய கொண்டுபோக அனுமதி வாங்கணும்."

"யார்கிட்ட?"

டீன் சுகதன் சாரைப் பார்த்தார். சுகதன் சார் வல்சலா டீச்சரைப் பார்த்தார். வல்சலா டீச்சர் தன் முன்னாலிருந்த பாட்டிலின் முத்திரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

உம்மா காத்திருந்தார். பதில் வராதது உறுதியானதும் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. யாரிடமோ கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"தெனம் சாயங்காலம் ஃபோன் பண்ணுவேன் சாரே. குழாய்த் தண்ணியைத் தொட்டுடாதே, கடையில எதையும் வாங்கிக் குடிக்காதே, ஹாஸ்டல்ல கொடுக்கிற செகப்புத் தண்ணியை மட்டும் குடின்னு சொல்லுவேன். வாந்தி வருது உம்மான்னு சொன்னப்பகூட, இன்னும் கொஞ்சம் குடி மோளேன்னு நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு நடுப்பாதையில் திரும்பி நடந்தார். ஜிஸ்மி மேடையிலிருந்து இறங்கி, ஓடிப்போய் அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டாள். நானும் கூடப் போனேன்.